பலகையில் ஒரு பெயர், ஊர் வாயில் ஒரு பெயர்

(ஓமந்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை அண்ணா சாலையில் ஆட்டோவை நிறுத்தி "ஓமந்தூரார் போகணும்" என்றால் ஓட்டுநர் மறுகேள்வி கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். 2010இல் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமாகத் திறந்த கட்டடம் அது. 2014இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆயிற்று. ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிறவரிடம், ஓமந்தூர் என்று திண்டிவனத்துப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை இந்த மாகாணத்தை ஆண்டார் என்று சொல்லிப் பாருங்கள். அப்படியா என்பார். அவருக்கு ஓமந்தூரார் என்றால் நல்ல வைத்தியம் கிடைக்கிற இடம். உங்கள் ஊர்ப் பெயருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு வேண்டுமா?

பெயரை ஒருவர் வைக்கிறார். அதற்குள் பொருளை ஊர் வைக்கிறது. இன்று நான் பேச வந்தது கிறிஸ்தவ சபைகளைப் பற்றி. ஒரு சர்ச்சின் பெயரும் தோற்றமும் அதைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதுதான் பொருள். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். எனவே வெளியே நின்று விமர்சிக்கிறவனாக இல்லாமல், வீட்டுக்குள் இருப்பவனாகவே பேசுகிறேன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. 1606இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். அப்போது அங்கே கிறிஸ்தவத்துக்கு ஊர் வைத்திருந்த பெயர் பறங்கி மார்க்கம். பறங்கி என்றால் மாடு தின்கிறவன், குடிக்கிறவன், குளிக்காதவன், எந்தச் சாதியோடும் சேர்ந்து உட்காருகிறவன். அந்த மார்க்கத்தில் சேருவது என்றால் பறங்கி ஆவது. மதுரையில் ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவர்களுக்கு அவர் பூசை வைத்துக்கொண்டிருந்தார். பல ஆண்டு உழைத்தும் உள்ளூர்க்காரர்கள் அவரை நாடி வரவில்லை.

நொபிலி முதலில் கை வைத்தது இந்தப் பெயரில்தான். நான் பறங்கி இல்லை என்றார். கறுப்பு அங்கியைக் கழற்றினார், காவி உடுத்தினார், பாதக்குறடு போட்டார், மரக்கறி மட்டும் சாப்பிட்டார், தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். மேல்சாதிக்காரர்கள் வந்து கேட்டார்கள், வாதாடினார்கள், சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். பூணூலும் குடுமியும் இருக்கலாமா என்ற வழக்கு ரோமாபுரி வரை போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி இருக்கலாம் என்றார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தி, பார்த்தீர்களா, எவ்வளவு அறிவாளி என்று பாராட்டுகிறவர்கள் நிறைய உண்டு. எனக்கு அதன் மறுபாதி முக்கியம். அந்தத் தோற்றத்தைக் காப்பாற்ற அவர் பெர்னாண்டஸ் பாதிரியாரின் வீட்டை விட்டு விலகித் தனியே குடியிருந்தார். தனிக் கோயில் கட்டினார். பரதவர்கள் கும்பிட்ட கோயில் ஒன்று, புதிதாக வந்தவர்கள் கும்பிட்ட கோயில் வேறொன்று. ஒரு கெட்ட பேரைத் துடைக்கப் போய், எந்தக் கோயிலில் யார் நுழையலாம் என்ற கோட்டைச் சபைக்குள்ளேயே போட்டாயிற்று. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நூறு ஆண்டு கழித்து வந்த வீரமாமுனிவர் வேறு வழியில் போனார். விருத்தாசலத்துக்கு அருகில் கோணான்குப்பம் இருக்கிறது. இங்கிருந்து அதிக தூரமில்லை. விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயில் அம்மனுக்கு விருத்தாம்பிகை என்றும் பெரியநாயகி என்றும் பெயர். கோணான்குப்பத்தில் மாதாவுக்கு முனிவர் வைத்த பெயரும் பெரியநாயகி. சிலை தமிழ்ப் பெண்ணின் உடையில் இருக்கிறது. முகாசாபரூர் கச்சிராயர் கோயில் கட்ட உதவினார் என்பது அந்த வட்டாரத்தில் வழங்கும் வரலாறு. விருத்தாசலத்துக்காரருக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. தாய் என்று கேட்ட உடனே தெரிந்துவிடும்.

வேளாங்கண்ணியில் இது இன்னும் பெரிதாக நடந்தது. ஆகஸ்டு மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் நின்று பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து நடந்து வருகிறவர்கள், காவி வேட்டி, காவிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை. நாலு சக்கரம் வைத்த சின்னச் சப்பரத்தில் புடவை கட்டிய மாதா, சுற்றிலும் சீரியல் லைட்டு, பின்னால் ஒரு பையன் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு நடப்பான். இரண்டு பெண்கள் செருப்பைக் கையில் பிடித்து, தார் ரோட்டின் ஓரத்து மண்ணில் நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் திருநீறு பூசிய நெற்றிகளும் இருக்கும். சாலையோரத்தில் மோர்ப் பந்தல் வைக்கிறவர்கள் நீங்கள் என்ன மதம் என்று கேட்பதில்லை. 1962இல் ரோமாபுரி அந்த ஆலயத்துக்கு பசிலிக்கா என்ற பட்டம் கொடுத்தது. நடந்து போகிறவர்களில் பலருக்கு அந்தச் சொல் தெரியாது. அவர்கள் போவது மாதா கோயிலுக்கு, ஆரோக்கிய மாதாவிடம். நோய் தீர்ப்பவள் என்று பெயரிலேயே இருக்கிறது. வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

இந்த வட்டாரத்தில் சபைகளுக்கு வெகுகாலம் நாடுகளின் பெயரே இருந்தது. திண்டிவனம், ஆர்க்காடு, வேலூர் பக்கம் அமெரிக்கன் மிஷன். ஸ்கடர் குடும்பத்துப் பிள்ளைகள் 1853இல் தொடங்கிய அமெரிக்கன் ஆர்க்காடு மிஷன் அது. கடலூர், திருவண்ணாமலை பக்கம் டேனிஷ் மிஷன். திருவண்ணாமலைப் பள்ளிக்கு இன்றும் அதுதான் பெயர். கத்தோலிக்கர்களுக்குப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுச் சாமியார்கள். ஒரு கிராமத்தில் அமெரிக்கா, அடுத்த கிராமத்தில் டென்மார்க், அதற்கடுத்ததில் பிரான்ஸ். கும்பிட்டவர்களோ எல்லாரும் இந்த மண்ணில் நாற்று நட்டவர்கள், பெரும்பாலும் சேரியில் வாழ்ந்தவர்கள். அவர்கள் கோயிலுக்கு அவர்கள் ஊரின் பெயர் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் மதம் என்று ஊர் சொன்னதற்கு, பலகையில் எழுதியிருந்த பெயரே பாதிக் காரணம்.

ஆனால் ஊர் பலகையை மட்டும் படிப்பதில்லை. 1890இல் திண்டிவனம் மிஷன் பங்களாவில் ஐடா ஸ்கடர் என்ற இருபது வயதுப் பெண் இருந்தார். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். திரும்பிப் போய்விடுவது என்பதுதான் அவர் எண்ணம். ஓர் இரவு அடுத்தடுத்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடா, நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் வைத்தியர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

இந்தக் கதையை ஐடாவின் மனமாற்றக் கதையாகவே சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொன்று படுகிறது. அந்த மூன்று பேரும் மிஷன் பங்களா என்று தெரிந்துதான் வந்தார்கள். அமெரிக்கர், வேறு மதத்தவர் என்பது அவர்களைத் தடுக்கவில்லை. தடுத்தது, உள்ளே பெண் டாக்டர் இல்லை என்ற ஒன்றுதான். ஐடா அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பினார். படித்து 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் ஒற்றைக் கட்டிலில் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் வைத்தார். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்று பெயரிலேயே மதம் இருக்கிற அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். சி.எம்.சி.க்கு எதிரில் உள்ள தெருக்களில் லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் வங்காள எழுத்தில் பலகை இருக்கிறது, போய்ப் பாருங்கள். பெயரில் உள்ள 'கிறிஸ்தவ' என்ற சொல்லைப் பார்த்து அவர்களில் யாரும் பயந்து திரும்பியதாக நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்கு அங்கே அர்த்தம், உண்மையாக வைத்தியம் பார்ப்பார்கள் என்பது.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒரு பெரிய காரியம் நடந்தது. ஆங்கிலிக்கர்கள், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் தங்கள் பழைய பெயர்களை விட்டுவிட்டு ஒன்றாகச் சேர்ந்தார்கள். புதுப் பெயர் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நான் வளர்ந்த சி.எஸ்.ஐ. இங்கிலாந்து போயிற்று, அமெரிக்கா போயிற்று, இந்த நிலத்தின் பெயர் பலகையில் ஏறியது. சின்னத்தில் சிலுவையோடு தாமரையை வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது நம் குளத்துத் தாமரை. தேர்தல் சுவரொட்டி பார்த்து வளர்ந்த இன்றைய இளைஞனுக்கு அதே பூவைப் பார்த்தால் வேறு ஞாபகம் வரலாம். சின்னத்தை வரைகிறவர் கையை விட்டு அதன் பொருள் எப்படிப் போய்விடுகிறது பாருங்கள்.

அந்த நாளில் மாகாணத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் உங்கள் ஊர்க்காரர். அதே ஆண்டு அவருடைய ஆட்சியில்தான் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. இந்துக் கோயில் வாசலை எல்லா இந்துக்களுக்கும் திறந்த சட்டம். தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் அதே ஆண்டுதான். ஒரு பக்கம் சபை தன் பெயரைத் திருத்திக்கொண்டது. இன்னொரு பக்கம் ஓமந்தூரார் வாசலைத் திருத்தினார். இரண்டில் எது ஊரின் எண்ணத்தை அதிகம் மாற்றும் என்று என்னைக் கேட்டால், வாசல் என்றுதான் சொல்வேன். எங்கள் சபை பெயரை மாற்றிய வேகத்தில் வாசலை மாற்றவில்லை.

சின்னச் சபைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது ஊர் அதிகம் பேசுவது அவர்களைப் பற்றித்தான். திண்டிவனத்தைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் தகர ஷீட் போட்ட ஒரு ஜெபக்கூடம் கண்ணில் படும். முன்னால் ஃப்ளெக்ஸ். அதில் பாதி இடத்துக்குப் போதகரும் அவர் மனைவியும். அவர் கோட்டும் டையும், அந்த அம்மா பட்டுப்புடவை. பின்னால் பனி மூடிய மலை, பறக்கும் கழுகு. பெயர் ஆங்கிலத்தில் தொடங்கி இன்டர்நேஷனல் என்றோ மினிஸ்ட்ரீஸ் என்றோ முடியும். செல்பேசி எண் பெரிதாக இருக்கும். ஊரின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீ போர்டு, கூலி வேலை செய்கிற பெண்கள், குடிக்கிற புருஷனைத் திருத்த வழி தேடி வந்தவர்கள். அந்தப் போதகர்களில் பலர் நடுராத்திரியில் எழுந்து ஜிப்மருக்கு ஆள் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள். காணிக்கைப் பையில் விழும் பத்து, இருபதில்தான் நான் அறிந்த இத்தகைய சபைகள் ஓடுகின்றன. வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். அது அவர்களுக்கு எட்டாத உயரம். ஆனால் ஃப்ளெக்ஸைப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்டர்நேஷனல் என்ற சொல்லும் கோட்டும்தான் தெரிகின்றன. வெளிநாட்டுக் காசு என்ற பேச்சு அங்கிருந்து கிளம்புகிறது. வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பது நம் பஞ்சாயத்துக் கட்டட விதி. அது கிடைக்கத் தாமதமானால், சிலர் பலகையே வைக்காமல் வீட்டிலேயே ஜெபம் நடத்துகிறார்கள். அப்போது மறைந்து செய்கிறார்கள் என்ற பேர் வருகிறது. பலகை வைத்தாலும் சந்தேகம், வைக்காவிட்டாலும் சந்தேகம். இதில் தப்பு முழுவதும் சபை பேரில் இல்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொல்லத் தயங்குகிற இன்னொன்றும் இருக்கிறது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கிடைத்தது. கிறிஸ்தவருக்கு இன்னும் இல்லை. மதம் மாறிய ஆதிதிராவிடர் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். அதே சேரி, அதே குடிசை, அதே டீக்கடைப் பார்வை. சான்றிதழ் மட்டும் வேறு. ஆகவே பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போகிறவர் பட்டியல் சாதிச் சலுகை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களை இரட்டை வேடக்காரர்கள் என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தன் கோயிலின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் பிள்ளையின் படிப்பு போகும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவருடைய நேர்மையைச் சோதிக்க நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் வெளியிலிருந்து வரும் அநீதியைப் பேசுகிற சபை உள்ளே இருப்பதையும் பேச வேண்டும். எறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நம் விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி. ஜெபமாலை அன்னை பெயரில் பழைய, பெரிய கோயில். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் அதே பங்கு. ஆனால் தேர் தலித் தெருவுக்கு வராது. கல்லறையும் தனித்தனி. பொறுத்துப் பார்த்த தலித் மக்கள் தங்கள் பகுதியில் சகாய மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பி, அதைத் தனிப் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மறைமாவட்டத்திடம் கேட்டார்கள். அது மோதலாக வெடித்து, 2008 மார்ச் 9ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

இரண்டு கோயிலிலும் இருப்பவள் ஒரே மாதா. பெயர்கள் இரண்டும் அருமையான பெயர்கள். ஆனால் ஊருக்கு ஜெபமாலை அன்னை என்றால் ஒரு தெரு, சகாய மாதா என்றால் இன்னொரு தெரு. சிலையின் புடவையோ கோபுரத்தின் உயரமோ இதை மாற்றாது. நொபிலி மதுரையில் போட்ட கோடு நாலு நூற்றாண்டு தாண்டி எறையூரில் ரத்தம் சிந்தியது என்று சொன்னால் அது மிகை இல்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே சாதிச் சுவர் நிற்பது ஊரறிந்த செய்தி. செத்த பிறகும் பிரித்து வைக்கிற சபையைப் பற்றி வெளியே உள்ளவர் என்ன நினைப்பார்? அன்பே கடவுள் என்று வாசலில் எழுதியிருப்பதை அவர் எப்படி வாசிப்பார்?

திருந்த முடியாது என்றும் நான் சொல்லவில்லை. 2022 மே 15ஆம் தேதி ரோமாபுரியில் நட்டாலம் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். தமிழ் மண்ணில் பிறந்த பொதுநிலையினர் ஒருவருக்குக் கிடைத்த பெரிய பெருமை. அதற்கு முன்பு வரை தேவசகாயம் பிள்ளை என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். சாதிப் பெயர் வேண்டாம் என்று கேள்வி எழுந்தது. வாடிகன் 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. ஒரு சொல்லை எடுத்ததால் சாதி போய்விடவில்லை, தெரியும். ஆனால் இனி அவர் பெயரில் கட்டுகிற கோயிலின் பலகையில் அந்தச் சொல்லை எழுத யாருக்கும் அதிகாரம் கிடையாது. அது சின்ன விஷயம் இல்லை.

இங்கே வந்திருக்கும் மற்ற மதத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் இருக்கும் ஜெபக்கூடத்தைப் பற்றி ஃப்ளெக்ஸைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

சபை நடத்துகிற சகோதரர்களுக்குச் சில வேண்டுகோள். அடுத்த முறை பலகை எழுதும்போது உங்கள் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊரின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். காணிக்கை எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று மாதாமாதம் வாசலில் ஒட்டுங்கள், யாரும் வந்து படிக்கட்டும். தேர் இருந்தால் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு மூலை இருந்தால், குறுக்கே ஒரு வேலியோ சுவரோ இருந்தால், இந்த நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போவதற்கு முன்னால் அதை இடித்துவிடுங்கள்.